பல்லுக்குச் சூட்டிய முடி



என் பாட்டனார் இரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதிவிட்டு, 1930-களின் இறுதியில் ஊர் திரும்பியவர். அவர் அங்கிருந்து கொண்டுவந்தவை மூன்று: ஒரு தேக்குமரப் பெட்டி, ஒரு பட்டுக் குடை, மேல்வாயின் வலப்புறத்தில் ஒரு பொற்பல். பெட்டியும் குடையும் ஊரில் வேறு சில வீடுகளிலும் இருந்தன. பொற்பல் எங்கள் வீட்டில் மட்டுமே இருந்தது. ஆகவே சிறுவர்களாகிய நாங்கள் எதையாவது சொல்லி அவரைச் சிரிக்க வைப்பதையே மாலை விளையாட்டாகக் கொண்டிருந்தோம். அவர் சிரித்தால் விளக்கொளியில் ஒரு மின்னல் தோன்றி மறையும்.

ஓர் ஐப்பசி மாதத்தில் அந்த வலக்கன்னம் வீங்கிற்று. காய்ச்சல் கண்டது. மிளகுப் பற்றும் ஒத்தடமும் பயன்படவில்லை. மாட்டு வண்டியில் நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். நானும் உடன் சென்றேன். மருத்துவர் குறட்டால் பற்றி இழுத்ததும் பொன்னுறை மட்டும் தனியே கையோடு வந்துவிட்டது. அவர் அதைத் தட்டில் போட்ட ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. உறையினுள் கரிய களிபோன்ற ஒரு பொருள் ஒட்டியிருந்தது. பொன்னில் ஒரு கீறலும் இல்லை. அது காக்க வேண்டிய பல்தான் உள்ளே இல்லை. வேர்கள் மட்டும் சீழில் மிதந்துகொண்டிருந்தன.

நான் வரலாறு கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவன், மருத்துவன் அல்லன். எனினும் பல ஆண்டுகள் சென்றபின் என் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்றைப் பார்த்த பல் மருத்துவர், "இதற்குக் கேப் போட வேண்டும்" என்று சொன்னபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தட்டின் ஓசையே. உடனே ஒப்புக்கொள்ளாமல், இந்த உறையின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். படித்தது வீணாகவில்லை. மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அந்த வரலாறே எனக்குக் கற்பித்தது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். சிதைந்த பல்லைச் சுற்றிலும் சீவிச் சிறிதாக்கி, அதன்மேல் பல்லின் வடிவில் ஓர் உறையைப் பொருத்தி, ஒட்டுப் பசையால் நிலைநிறுத்துவதே இம்முறை. தையற்காரர் விரலில் அணியும் அங்குத்தானை எண்ணிக்கொண்டால் போதும். ஆங்கிலேயர் இதனை 'கிரவுன்' என்பர். முடி என்று பொருள். நம் மக்கள் 'கேப்' என்பர்; தொப்பி என்று பொருள். முடியாயினும் தொப்பியாயினும், கீழே தலை ஒன்று இருந்தாக வேண்டும் அன்றோ?

பல்லில் பொன் ஏறிய கதை மிகப் பழையது. உரோமாபுரி தலையெடுப்பதற்கு முன்பே இத்தாலியின் நடுப்பகுதியில் வாழ்ந்த எத்துருஸ்கர் என்னும் மக்கள், கி.மு. ஏழாம் நூற்றாண்டளவிலேயே மெல்லிய பொற்பட்டைகளை முன்பற்களில் வளைத்துப் பூட்டினர். உதிர்ந்த பல்லின் இடத்தில் வேறொரு பல்லை அப்பட்டையில் தறைந்து நிறுத்தினர். கல்லறைகளிலிருந்து கிடைத்தவற்றை ஆய்ந்தோர், இவற்றை அணிந்தவர் பெரும்பாலும் செல்வக் குடிப் பெண்களே என்று கருதுகின்றனர். கி.மு. 450-ஐ ஒட்டி உரோமர் வகுத்த பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. இறந்தவருடன் பொன்னைப் புதைக்கலாகாது; ஆனால் பற்களைப் பிணித்திருக்கும் பொன்னுக்கு இத்தடை இல்லை என்பது அவ்விதி. ஒரு சட்டத்தில் இடம்பெறும் அளவுக்கு வழக்கம் பரவியிருந்தது என்பதை இதனால் அறிகின்றோம். பிலிப்பைன்சு நாட்டில் பொலினாவோ என்னும் இடத்தில் கிடைத்த மண்டையோடு ஒன்றில், மீன் செதில்களைப் போன்ற பொற்றகடுகள் முன்பற்களை மூடியுள்ளன, அது கி.பி. 14, 15-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது. ஆனால் இவையெல்லாம் அணிகள். சிதைந்த பல்லைக் காத்து மென்று உண்ணச் செய்யும் நோக்கம் இவற்றுக்கு இல்லை. என் பாட்டனார் பல்லிலும் ஓரளவு அணியின் ஆசை இருந்தது என்றே நினைக்கின்றேன்.

நோயாளிக்கான உறையின் வரலாறு பிரெஞ்சு நாட்டில் தொடங்குகிறது. பியர் ஃபொஷார் என்பவர் 1728-இல் பாரிசு நகரில் பல் மருத்துவத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் கொண்ட பெருநூலை வெளியிட்டார். சொத்தைக்குக் காரணம் பல்லில் வாழும் ஒரு புழுவே என்று அதுவரை உலகம் பெரிதும் நம்பியிருந்தது. ஃபொஷார் உருப்பெருக்காடியால் தேடிப் பார்த்துத் தாம் அப்படியொரு புழுவைக் காணவில்லை என்று எழுதினார். கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகைபிடித்துப் "புழு எடுக்கும்" வழக்கம் நம் நாட்டுப்புறங்களில் அதற்குப் பின்னும் நெடுங்காலம் இருந்ததை உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

மேற்பகுதி முற்றும் சிதைந்து வேர் மட்டும் எஞ்சிய பல்லுக்கு ஃபொஷார் கூறிய வழி, முளையடித்தல். வேரின் நடுவிலுள்ள குழாயில் ஒரு முளையை இறுக்கி, அதன் தலையில் ஒரு பல்லைப் பொருத்துவது. பின்வந்தோர் பலர் முளைக்கு மரத்தையே விரும்பினர். உலர்ந்த மரம் வாயின் ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பருத்து, தானாகவே வேரில் இறுகிக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். பாறையைப் பிளக்க நினைத்தவர்கள் துளையில் மரமுளையடித்து நீரூற்றியதும் இதே கணக்கில்தானே! பல பற்களின் வேர்கள் அவ்வாறே பிளந்துபோயின.

முளையின் தலையில் வைக்க அக்காலத்தில் கிடைத்தவை யானைத் தந்தமும், நீர்யானையின் பல்லும், மனிதர் பல்லுமே. 1815-இல் வாட்டர்லூப் போர்க்களத்தில் மாண்ட வீரர்களின் பற்கள் பிடுங்கப்பட்டு இங்கிலாந்தில் விலையாயின. தந்தம் எச்சிலை உறிஞ்சி நாறும். பாரிசுக்கு அருகில் துஷாத்தோ என்னும் மருந்து வணிகர் தம் நீர்யானைப் பல்லின் நாற்றத்தைப் பொறுக்கமாட்டாமல், 1774-ஐ ஒட்டிப் பீங்கானில் பல் செய்ய முயன்றார். 1808-இல் ஃபோன்சி என்னும் இத்தாலியர் பிளாட்டின ஊசி பதித்த தனித்தனிப் பீங்கான் பற்களைப் பாரிசு அறிஞர்களுக்குக் காட்டினார். இதற்கிடையே, 1746-இல் குளோது மூத்தோன் என்பவர் கடைவாய்ப் பல்லின் மேல் பொன்னால் ஒரு கூடு செய்து கவிப்பதைப் பற்றியும், முன்பல்லாயின் அப்பொன்னின்மேல் வெள்ளை எனாமல் பூசலாம் என்பதைப் பற்றியும் எழுதியிருந்தார். இன்றைய உறையின் முழுக் கருத்தும் அந்தச் சிறு நூலில் இருந்தது. அதைச் செய்து முடிக்கும் கருவிகள் வருவதற்கு இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டில் பொன்னுறை ஒரு பெருந்தொழிலாயிற்று. தையல் இயந்திரத்தைப் போல் காலால் மிதித்து ஓட்டும் துளைபொறி 1871-இல் வந்தது. பொற்றகட்டை அச்சில் அடித்துக் கூடாக்கி, உள்ளே சிமிட்டியை நிரப்பிப் பல்லின்மேல் கவிழ்த்தார்கள். உறை செய்யும் வழிகளுக்கெல்லாம் காப்புரிமை வாங்கிய ஒரு நிறுவனம், பல் மருத்துவர்கள் ஒவ்வொருவரும் தனக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்று வழக்கிட்டது. 1888-இல் சிக்காகோ நகரத்து மருத்துவர் கிரௌசு என்பவர் தலைமையில் பல் மருத்துவர்கள் சங்கம் கூட்டி எதிர்த்துப் போராடினார்கள். காப்புரிமை யாருக்கு என்று அவர்கள் நீதிமன்றங்களில் வாதாடிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், பொன்னுக்கு அடியில் நடந்துகொண்டிருந்ததை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

நிற்க. அடியில் நடந்தது என்ன? பல்லின் நடுவே நரம்பும் குருதிக் குழாய்களும் கொண்ட மெல்லிய கூழ் ஒன்று உண்டு. சொத்தை அதுவரை இறங்கினால் கூழ் அழுகும். கிருமிகள் வேர் நுனி வழியே தாடை எலும்பினுள் இறங்கிச் சீழ் வைக்கும். இது இன்று பள்ளிப் பாடம். அன்றோ, நோயுற்ற வேர்களைத் தூய்மை செய்யாமலே அவற்றின்மேல் உறையைக் கவித்தார்கள். மேலும் அச்சில் அடித்த கூடு பல்லின் கழுத்தோடு பொருந்தாது. விளிம்பில் இடைவெளி இருக்கும். அங்கே உணவுத் துணுக்குகள் தங்கும், ஈறு அழலும். பொன் பளபளக்கும்.

1910-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், கனடா நாட்டின் மாண்ட்ரியால் நகரில் மக்கில் பல்கலைக்கழகத்து மருத்துவப் பகுதியின் ஆண்டுத் தொடக்க விழாவில், இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் பேசினார். அவர் பல் மருத்துவர் அல்லர். உடல் நோய்களைப் பார்க்கும் பொது மருத்துவர். குருதிச் சோகை, வயிற்றுக் கோளாறு, ஓயாத காய்ச்சல் என்று தம்மிடம் வந்தோரின் வாயைத் திறந்து பார்த்தபோது, பொன்னுறைகளும் பொற்பாலங்களும் சீழின்மேல் அமர்ந்திருப்பதைப் பன்முறை கண்டவர். அவற்றை அழுகலின்மேல் எழுப்பிய பொற்கல்லறைகள் என்னும் பொருள்பட அவர் கடுஞ்சொல்லால் சாடினார். அந்தப் பேச்சு அச்சேறியதும் பல் மருத்துவ உலகமே அதிர்ந்தது. என் பாட்டனாரின் பொற்பல்லைக் கண்ட எனக்கு, அவர் சொல்லில் மிகை இருந்ததாகத் தோன்றவில்லை.

ஆனால் வரலாறு இங்கே ஒரு தீய திருப்பம் திரும்பிற்று. ஹண்டர் கண்டது மெய். அம்மெய்யைப் பற்றிக்கொண்டவர்களோ அளவறியாதவர்கள். உடலில் காரணம் தெரியாத எந்த நோய்க்கும் பல்வேரில் ஒளிந்திருக்கும் கிருமியே காரணம் என்னும் கொள்கை காட்டுத்தீபோல் பரவிற்று. மூட்டு வாதமா? பல்லைப் பிடுங்கு. சிறுநீரக நோயா? பல்லைப் பிடுங்கு. உறையிட்ட பல் மட்டுமன்று, கூழ் இறந்த பல், ஐயத்துக்கிடமான பல், இறுதியில் நல்ல பல்லும் பிடுங்கப்பட்டன. நியூஜெர்சி மாநிலத்து டிரெண்டன் நகரில் மனநோய் மருத்துவமனைக்குத் தலைவராயிருந்த ஹென்றி காட்டன் என்பவர், பித்துக்கும் காரணம் இதுவே என்று கூறி, அங்கிருந்த நோயாளிகளின் பற்களை ஆயிரக்கணக்கில் பிடுங்கச் செய்தார். அத்துடன் நில்லாமல் பெருங்குடலையும் அறுத்தெடுத்தார். அவ்வறுவையில் பலர் உயிரிழந்தனர். அவர் வஞ்சகர் அல்லர். தம் மனைவி மக்களின் பற்களையும் அவ்வாறே பிடுங்கச் செய்தார். அதுவே என்னை அஞ்ச வைக்கிறது.

இந்தப் பித்து தணிய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 1938-இல் செசில், ஆஞ்சிவைன் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள், மூட்டு வாத நோயாளர் 200 பேரை ஆராய்ந்து, பற்களைப் பிடுங்கியதால் அந்நோய் தீரவில்லை என்று வெளியிட்டனர். அவர்களுள் செசில் முன்பு அதே கொள்கையை ஆதரித்தவர். தம் கருத்தைத் தாமே சோதித்து மறுத்த அவரை நான் ஹண்டரைக் காட்டிலும் உயர்வாக மதிக்கின்றேன். இதற்கிடையில் 1895-இல் இரான்ட்கன் கண்ட எக்ஸ் கதிர்ப்படம் பல் மருத்துவ அறைக்குள் வந்து, எலும்பினுள் ஒளிந்திருந்த சீழைக் கண்ணுக்குக் காட்டிற்று. வேர்க்குழாயைத் துப்புரவாக்கி, கிருமியொழித்து, நுனிவரை அடைத்து மூடும் சிகிச்சை முறைப்பட்டது. அதனைத்தான் நாம் 'ரூட் கானல்' என்று வழங்குகிறோம்.

ஆகவே என் மருத்துவரிடம் நான் கேட்ட முதற்கேள்வி, எந்த உறை என்பதன்று. "உறைக்குக் கீழே என்ன இருக்கிறது?" என்பதே. அவர் சினங்கொள்ளவில்லை. கதிர்ப்படத்தை விளக்கின்முன் தூக்கிப் பிடித்து, வேரின் நுனி, எலும்பு, பழைய அடைப்பு ஒவ்வொன்றையும் காட்டினார். அந்தக் கேள்விக்குப் படத்தைக் காட்டி விடை சொல்லாத இடத்தில் உறை போட்டுக்கொள்ள வேண்டாம் என்று உங்களுக்குத் துணிந்து சொல்வேன்.

பாட்டனாரின் பல்லுக்குப் பொன்னிட்டவர் முறையாகப் பயின்றவரா, பொன்வேலை தெரிந்த யாரோ ஒருவரா என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. நம் நாட்டில் முதற் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரபியுதீன் அகமது கல்கத்தாவில் 1920-இல் நிறுவினார். பயின்று பதிவு பெற்றவரே இத்தொழில் செய்ய வேண்டும் என்னும் சட்டம் 1948-இல் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953-இல் தொடங்கிற்று. அதற்கு முன்னர்ச் சந்தையில் பலகை மாட்டியவரெல்லாம் வைத்தியரே. இன்றும் தெருவோரத்தில் அத்தகையோரைக் காண்கிறோம். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இனி உறையின் பொருளைப் பற்றிச் சொல்கிறேன். டெட்ராய்ட் நகரத்து சார்லசு ஹென்றி லாண்டு என்பவர், பல்லின்மேல் மெல்லிய பிளாட்டினத் தகட்டைப் படியவைத்து, அதன்மேல் பீங்கான் மாவை அப்பிச் சூளையில் சுட்டு, முழுதும் பீங்கானால் ஆன உறையை உருவாக்கினார். 1880-களின் இறுதியில் அவர் பெற்ற காப்புரிமைகள் இம்முறைக்கு அடிகோலின. 1927-இல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியே விமானத்தில் பறந்த லிண்டுபர்க்கு இவருடைய மகள் வயிற்றுப் பேரன். பாட்டனாரின் ஆய்வுக்கூடத்தில் விளையாடி வளர்ந்தவன். பீங்கானுறை முன்பல்லில் அழகாக இருந்தது. கடைவாயில் வைத்தால் உடைந்தது.

பொன்னுறையின் விளிம்புக் குறையைத் தீர்த்தது, நம் நாட்டவர் நெடுங்காலமாக அறிந்திருந்த ஒரு முறை. பொருளை மெழுகில் செய்து, மண்ணால் மூடி, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இவ்வாறு வார்க்கப்பட்டவை. சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் அவ்வாறே வார்க்கின்றனர். 1907 சனவரியில் இல்லினாய் மாநிலத்து மருத்துவர் தாகர்ட்டு, மெழுகால் வடித்த பல்லடைப்பைப் பொன்னில் வார்த்துக் காட்டினார். பல்லின்மேல் படியும் மெழுகு அதன் ஒவ்வொரு வளைவையும் ஏற்கும். பொன் அம்மெழுகின் வடிவை ஏற்கும். இடைவெளி மறைந்தது. தாகர்ட்டு இதற்குக் காப்புரிமை பெற்றுத் தோழர்கள்மேல் வழக்கிட்டார். ஐயோவா மாநிலத்தில் பில்புரூக்கு என்பவர் 1897-இலேயே இம்முறையை எழுதி வெளியிட்டிருந்தது வழக்கில் வெளிப்பட, தாகர்ட்டின் உரிமை நிலைக்கவில்லை. சுவாமிமலையிலிருந்து யாரேனும் சாட்சி சொல்லப் போயிருந்தால் நீதிபதி என்ன செய்திருப்பார் என்று நான் எண்ணிச் சிரித்ததுண்டு.

பொன்னின் வலிமையும் பீங்கானின் நிறமும் ஒன்று சேர வேண்டும். அங்கேதான் இயற்பியல் குறுக்கிட்டது. எனாமல் தட்டைக் கீழே போட்டால் பூச்சு சிதறி இரும்பு தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். சூட்டில் உலோகம் மிகுதியாக விரியும். சாதாரணப் பீங்கான் குறைவாக விரியும். சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது உலோகம் சுருங்கச் சுருங்க, மேலிருக்கும் பீங்கான் வெடிக்கும். 1962-இல் வைன்சுடைன் முதலியோர் பெற்ற காப்புரிமைகள், லியூசைட்டு என்னும் கனிமப் பளிங்குகள் கொண்ட கலவையால் பீங்கானின் விரிவைப் பொன் கலப்புலோகத்தின் விரிவுக்கு இணையாக்கும் வழியைக் காட்டின. உலோகத்தின்மேல் பீங்கான் ஏற்றிய உறை அதன்பின் உலகெங்கும் பரவிற்று. பொன் விலை ஏறியதால், உள்ளேயிருக்கும் உலோகம் பல இடங்களில் நிக்கலும் குரோமியமும் கலந்ததாக மாறியது. போலி நகையோ கைக்கடிகாரமோ பட்டால் தோல் தடிக்கும் இயல்பு உங்களுக்கு இருந்தால், அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். உறைக்கு அளவெடுக்கும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

இக்காலத்தில் மிகுதியாகப் பேசப்படுவது சிர்க்கோனியா. அதன் கதை இலங்கையில் தொடங்குகிறது. 1789-இல் பெர்லின் நகர வேதியியலார் கிளாப்ரோத்து, இலங்கையிலிருந்து வந்த சிர்க்கான் என்னும் மணிக்கல்லை ஆராய்ந்து, அதனுள் ஒரு புதிய தனிமத்தின் ஆக்சைடைக் கண்டார். அதே சிர்க்கான் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உண்டு. அந்த ஆக்சைடைத் தக்கவாறு பக்குவப்படுத்தினால், விரிசல் ஓடும் முனையில் அதன் நுண்பளிங்குகள் உருமாறிச் சற்றே பருத்து, விரிசலை நெருக்கி நிறுத்திவிடும் என்பதை 1975-இல் கார்வியும் அவர்தம் தோழரும் வெளியிட்டனர். உடைந்துபோவதே பீங்கானின் விதி என்றிருந்ததை மாற்றிய கண்டுபிடிப்பு இது. சுண்ணாம்புக் கட்டிபோல் மென்மையாக இருக்கும் நிலையில் கணிப்பொறி இயக்கும் கருவி இதனை உறையாகக் கடைந்தெடுக்கும்; சுடும்போது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், அந்த அளவுக்குப் பெரிதாகவே கடையும். குயவர் பச்சைப் பானையைப் பெரிதாக வனைவது போன்றதுதான்.

இத்தனை பொருள்களையும் காட்டிலும் உறையைப் பரப்பியது ஒரு சிறு கருவி. 1957-இல், காற்றின் விசையால் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,00,000 சுற்றுகள் சுழலும் துளைபொறி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதுவரை ஒரு பல்லைச் சீவுவது மருத்துவருக்கும் நோயாளிக்கும் நெடுந்துன்பம். அதன்பின் சில நிமிட வேலை. மரத்துப்போகும் ஊசி வலியையும் அகற்றியிருந்தது. இது பெரும்பேறுதான். ஆயினும் ஒரு செயல் எளிதாகிவிட்டால், அதனைச் செய்ய வேண்டுமா என்னும் ஆராய்ச்சி குறைந்துவிடுகிறது. முழு உறைக்காகச் சீவும்போது, ஈறுக்கு மேலுள்ள பல்லில் எடையளவில் பாதிக்கு மேல் போய்விடும். பல்லின் மேற்பூச்சாகிய எனாமல் நம் உடலிலேயே கடினமானது. ஆனால் நகத்தைப் போலவும் மயிரைப் போலவும் மீண்டும் வளராது. சீவிய பல்லுக்கு உறை என்றும் வேண்டும். உயிருள்ள பற்களுள் சில, சீவிய அதிர்ச்சியால் பின்னொரு நாள் கூழ் இறந்து, வேர் சிகிச்சை வேண்டி நிற்பதும் உண்டு.

ஆகவே இரண்டாம் கேள்வி: "உறைதான் வேண்டுமா?" வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கும், பெரிதும் உடைந்த அல்லது விரிசல் கண்ட பல்லுக்கும் பெரும்பாலும் வேண்டும், இல்லையேல் மெல்லும் விசையில் பிளந்துவிடும். அதிகம் சிதையாத முன்பல்லுக்கு, வேர் சிகிச்சை செய்திருந்தாலும், அடைப்பே போதுமாகலாம். நிறம் மங்கிற்று, சற்றே கோணிற்று என்பதற்காக நல்ல பல்லைச் சீவக் கொடுப்பது பேதைமை. சிறப்பாக உங்கள் வயதில் இதனை நினைவிற் கொள்ளுங்கள். இளம்பல்லில் கூழ் அகன்று மேற்பரப்புக்கு அருகில் இருக்கும். ஈறும் தன் நிலையை இன்னும் அடைந்திராது. பந்து பட்டு முன்பல்லின் நுனி உடைந்தால், உடைந்த துண்டைப் பாலில் இட்டு அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அதையே ஒட்டவும், பல்நிறப் பசையால் வனைந்து கட்டவும் இன்று வழி உண்டு.

மூன்றாவது, பல்லில் மிஞ்சியிருப்பது எவ்வளவு என்று கேளுங்கள். ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் நல்ல பல் இருந்தால், பீப்பாயை இரும்புப் பட்டை பிடிப்பதுபோல உறை அதனைப் பற்றிக்கொள்ளும். அதுவும் இல்லாத பல்லுக்கு எவ்வளவு விலையுள்ள உறையும் காப்பாகாது.

எந்தப் பொருள் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் விடை: பல்லின் இடத்தைப் பொறுத்தது. பொன் கலப்பு இன்றும் கடைவாய்க்குச் சிறந்தது. எதிர்ப்பல்லைத் தேய்க்காது, நெடுங்காலம் உழைக்கும். ஆனால் விலையும் நிறமும் பலருக்கு ஒத்துவராது. உலோகத்தின்மேல் ஏற்றிய பீங்கான் உறுதியானது. சில ஆண்டுகளில் ஈறு இறங்கினால் விளிம்பில் கருங்கோடு தெரியும். முழுப் பீங்கான் வகைகள் பார்வைக்கு இயற்கைப் பல்லை ஒக்கும். எதுவாயினும் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், ஒட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு பீங்கானை வெளுக்க இயலாது. இரவில் பல்லை நறநறவெனக் கடிக்கும் வழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அச்செடுத்த நாளுக்கும் உறை வரும் நாளுக்கும் இடையே தற்காலிக உறை இருக்கும். அப்பக்கம் சவ்வுமிட்டாயும் முறுக்கும் வேண்டா. நிலையான உறை பொருத்தியபின், வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முன்னதாக இடித்தால், பழகிவிடும் என்று பொறுக்காமல் மறுநாளே சென்று சீர் செய்துகொள்ளுங்கள். பீங்கானையோ பொன்னையோ சொத்தை தின்னாது. ஆனால் உறை முடியும் விளிம்பில் உங்கள் பல் இருக்கிறது, அதைத் தின்னும். துலக்குவது ஈற்றோரத்தில் அமைய வேண்டும். பல்லிடுக்கை நூலால் தூய்மை செய்ய வேண்டும். நன்கு பேணிய உறை பத்துப் பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் இருக்கும்.

என் உறை ஒன்பதாம் ஆண்டில் ஒரு தீபாவளியன்று மைசூர்பாகோடு கழன்று வந்தது. வீட்டில் நாற்காலி ஒட்ட வைத்திருந்த பசையால் ஒட்டிவிடலாமே என்றாள் என் மனைவி. அவ்வாறு செய்தால் உறை கோணலாக அமரும். பல்லும் ஈறும் புண்படும். இரவில் அப்படியே பொருத்திக்கொண்டு உறங்கினால் மூச்சுக்குழலில் இறங்கவும் கூடும். உறையைக் கழுவி ஒரு சிறு டப்பியில் இட்டு, மூன்றாம் நாள் மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் அதனுள்ளிருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்தார். பிறகு பல்லைத் துடைத்து, கையில் ஆடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மஞ்சள் படிந்து, சிறுத்து, ஆனால் கெட்டியாக அது அங்கே நின்றது. கால்மணி நேரத்தில் அதே உறையை அதன்மேல் மீண்டும் ஒட்டி அனுப்பினார்.